கழுத்தில் தொடங்கும் கை வைத்தியம்

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், இரண்டாம் நாள் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி திரண்டு நிற்கும். "நெறி கட்டியிருக்கு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். இரண்டையும் இணைக்கும் குழாய் எது என்று அவர்களைக் கேட்டால் தெரியாது. ஆனால் கால் புண்ணைக் கழுவி மருந்து வைத்தால் இடுக்கில் இருக்கும் நெறி தானே அமுங்கும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். பள்ளிப் புத்தகம் ஒரே பத்தியில் தாண்டிப்போகும் நிணநீர் மண்டலத்துக்கு நம் வீடுகளில் இருந்த பெயர், நெறி.

என் அத்தையின் வலது அக்குளில் அந்த நெறிகள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்தபோது, கட்டியோடு சேர்த்து அக்குள் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சும் முடிந்தது, நோய் போனது. போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது வலது கையில் வளையல் ஏறவில்லை. சோப்பு போட்டுத் தள்ளியும் கட்டைவிரல் மூட்டோடு நின்றுவிட்டது. இடது கைக்கு அதே வளையல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"வயசானா கை ஊதத்தான் செய்யும்" என்றார் அத்தை. ஒரு கைக்கு மட்டுமா வயசாகும்?

இங்கே அவருடைய ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். டாக்டரிடம் போவதற்கு முன், யாரோ சொன்னார்கள் என்று பக்கத்தில் ஒரு பார்லருக்குப் போய், கையை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துவிடச் சொல்லியிருக்கிறார். தேய்த்த பெண் பாவம், நல்ல எண்ணத்தோடு பரோட்டா மாவு பிசைவதுபோலப் பிசைந்திருக்கிறாள். மறுநாள் கை இன்னும் கனத்தது. அதற்கப்புறம்தான் டாக்டர், அதற்கப்புறம்தான் 'நிணநீர் வீக்கம்' என்ற சொல், அதற்கப்புறம்தான் பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒரு சீட்டு. கையால் செய்யும் நிணநீர் வடிப்பு மசாஜ், திங்கட்கிழமை காலை பத்து மணி.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அத்தை என்னை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். சாப்பிட்டுப் போகணுமா, வெறும் வயிறா? எண்ணெய் நாம கொண்டு போகணுமா? நகையைக் கழற்றணுமா? எல்லாமே சில்லறைக் கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடிப் போனால், உடம்பின் மிகக் குறைவாகப் பேசப்பட்ட குழாய்களுக்குள்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

ரத்தம் ஒரு மூடிய வட்டத்தில் ஓடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மை இல்லை. அந்த வட்டம் கசிகிறது. மயிரிழையிலும் மெல்லிய தந்துகிக் குழாய்களின் சுவர் வழியாக நீரும் உப்பும் கொஞ்சம் புரதமும் ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. செல்கள் குளித்துக் கிடப்பது இந்தக் கசிவில்தான். நம் ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே ஏறத்தாழ 3 லிட்டர். ஒரு நாளில் கசிவது அதைவிட அதிகம். கசிந்தது திரும்பி வராவிட்டால் ஒரே நாளில் ரத்தம் கூழாகிவிடும்.

திரும்பி வரும் வழியைப் பற்றி நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொன்னது, 1896-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேயர் போட்டுத்தந்த கணக்கை ஒட்டியது: பெரும்பகுதியைச் சிரைப்பக்கத் தந்துகிகளே உறிஞ்சிக்கொள்கின்றன, மிச்சம் மீதியை நிணநீர்க் குழாய்கள் அள்ளுகின்றன. 2010-இல் ரோட்னி லெவிக், சார்ல்ஸ் மிஷெல் இருவரும் இதைத் திருத்தி எழுதினார்கள். பெரும்பாலான திசுக்களில் சிரைப்பக்கம் அப்படி உறிஞ்சுவதில்லை. கசிந்ததில் பெரும்பங்கை ரத்தத்துக்குத் திருப்பித் தருவது நிணநீர்க் குழாய்களே. மிச்சம் மீதி அள்ளுகிற எடுபிடி என்று நினைத்திருந்தவர்தான் வீட்டு நிர்வாகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்தக் குழாய்களுக்கு இதயம் கிடையாது. தோலுக்கு அடியில் ஒருபக்கம் மூடிய கைவிரல் உறைபோல அவை தொடங்குகின்றன. அவற்றின் சுவர்ச் செல்கள், கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓட்டின் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்பிச் சுற்றியுள்ள திசுவில் கட்டப்பட்டிருக்கும். திசு வீங்கினாலோ தோல் இழுபட்டாலோ இழை இழுக்கும், ஓடு திறக்கும், நீர் உள்ளே போகும். இழுப்பு விட்டதும் ஓடு மூடிக்கொள்ளும், உள்ளே போனது வெளியே வராது. சற்று மேலே போனால் குழாய்க்குள் வால்வுகள் வருகின்றன. இரண்டு வால்வுக்கு நடுவிலிருக்கும் துண்டு தானாகவே நிமிடத்துக்குச் சில முறை சுருங்கி, நீரை அடுத்த துண்டுக்குத் தள்ளிவிடுகிறது. பந்தியில் வாளி கைமாறுவதுபோல. தசை அசைவும் மூச்சும் இதற்கு ஒத்தாசை.

இப்படி வருகிற நீர் வழியிலிருக்கும் முடிச்சுகளில், அதாவது நெறிகளில், நுழைந்து சோதனையாகிக் கழுத்தடிக்குப் போய்ச் சேருகிறது. அங்கே காறை எலும்புக்குப் பின்னால் பெரிய சிரைகள் கூடும் மூலையில் ரத்தத்தோடு கலக்கிறது. இரண்டு கால், வயிறு, இடது கை, தலையின் இடப்பாதி எல்லாம் இடது மூலையில். வலது கையும் வலது மார்பும் தலையின் வலப்பாதியும் மட்டும் வலது மூலையில். உடம்பு ஏன் இப்படி ஓரவஞ்சனையாகப் பங்கு பிரித்தது என்று அத்தை கேட்டார். கருவில் இருபக்கமும் குழாய் உண்டு, வளரும்போது ஒன்று பெரிதாகி மற்றது சுருங்கிவிடுகிறது என்றேன். "நம்ம வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரின்னு சொல்லு" என்றார்.

அக்குள் முடிச்சுகளை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. இப்போது பல இடங்களில் முதல் முடிச்சு ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதித்து, நோய் பரவவில்லையென்றால் மற்றதை விட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் இந்த வீக்கம் வெகு குறைவு. அறுவை முடிந்து மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். வளையல், மோதிரம், ரவிக்கைக் கை மூன்றும்தான் பெரும்பாலும் முதலில் துப்புக் கொடுப்பவை.

"யானைக்கால்னு கேட்டிருக்கேன். இது என்ன, யானைக்கையா?"

அத்தை மன்னார்குடிக்காரர். அவர் சிறுமியாக இருந்தபோது கும்பகோணம் பக்கம் போனால் யானைக்கால் உள்ளவர்களைத் தெருவில் பார்க்காமல் திரும்ப முடியாதாம். கேள்வி விளையாட்டுக்குக் கேட்டது இல்லை. பதிலும் பாதி ஆமாம்தான். யானைக்காலில் கியூலக்ஸ் கொசு கொண்டுவந்து விடும் நூல்போன்ற புழு நிணநீர்க் குழாய்க்குள் குடியேறி அதைக் கெடுக்கிறது. இவருக்கு உயிரைக் காப்பாற்ற வேண்டி மருத்துவரே வழியை எடுக்க வேண்டியிருந்தது. காரணம் வேறு, தேக்கம் ஒன்று. (இலங்கையில் யானைக்கால் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நமக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.) ஆரம்பத்திலேயே பிடித்துக் கவனித்தால் கை அந்த அளவுக்குப் போகாது என்று சொன்ன பிறகுதான் அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

சாப்பாடு. இதற்குப் பதில் சொல்ல ஒரு நாயைக் கூப்பிட வேண்டும்.

1622 ஜூலை 23. இத்தாலியின் மிலான் நகரில் காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர், நண்பர்களுக்கு நரம்பையும் உதரவிதானத்தையும் காட்ட உயிருள்ள ஒரு நாயை அறுத்தார். அந்தக் காலத்துக் கொடுமை அது. குடலைத் தள்ளியபோது அதன் சவ்வெங்கும் வெள்ளை வெள்ளையாய் இழைகள். நரம்பு என்று நினைத்து ஒன்றைக் கீறினார். பால் வழிந்தது. அடுத்து இன்னொரு நாயை அறுத்துப் பார்த்தால் இழைகளையே காணோம். யோசித்தபோது புரிந்தது: முதல் நாய் வயிறு நிறையத் தின்றிருந்தது, இரண்டாவது பட்டினி. தின்ற கொழுப்பு ரத்தத்துக்கு நேராகப் போகாமல் நிணநீர்க் குழாயில் ஏறிப் போகிறது. அந்த நேரத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத குழாய் வெள்ளையாகித் தன்னைக் காட்டிக்கொள்கிறது. அசெல்லி 1625-இல் இறந்தார். அவர் புத்தகம் 1627-இல் வண்ணப் படங்களோடு வந்தது. அந்தக் குழாய்கள் ஈரலுக்குப் போகின்றன என்று அவர் எழுதியது தவறு. 1651-இல் பிரான்ஸின் ழான் பெக்கே அவை நெஞ்சுக்குள் ஏறிக் கழுத்துச் சிரையில் முடிவதைக் காட்டினார். இரண்டு வருடம் கழித்து டென்மார்க்கின் தாமஸ் பார்த்தொலின் நிணநீர்க் குழாய் என்று பெயரும் வைத்தார்.

ஆக, நெய் வழியப் பொங்கல் சாப்பிட்டால் குடல் நிணநீர் பாலாக ஓடும். அதனால் கைக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் இந்த மசாஜில் வயிற்றையும் சற்று ஆழமாகத் தொடுவார்கள். முட்ட முட்டச் சாப்பிட்டுவிட்டு மல்லாக்கப் படுத்தால் நமக்குத்தான் அவஸ்தை. வெறும் வயிறும் வேண்டாம், தலை சுற்றும். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு இட்லி போதும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு விதமான ஆலோசனை அத்தைக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, மூன்று லிட்டர் குடித்துவிட்டுப் போனால்தான் 'நஞ்செல்லாம் கழுவிக்கிட்டுப் போகும்' என்றார். மாமா அதற்கு நேர் எதிர். வீங்கின கைக்கு எதற்குத் தண்ணி, இதயத்துக்காகத் தான் சாப்பிடும் நீர் மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொள் என்றார். இரண்டும் தப்பு. இரண்டாவது ஆபத்தான தப்பு.

இந்த வீக்கம் வெறும் தண்ணீர் இல்லை. குழாய் வழி கிடைக்காமல் திசுவில் மாட்டிக்கொண்ட புரதமும் அதில் இருக்கிறது. நீர் மாத்திரை சிறுநீரகத்தை முடுக்கி நீரை வெளியேற்றும். புரதம் அங்கேயே கிடக்கும், முன்னைவிடக் கெட்டியாக. கெட்டியான புரதம் மறுபடி நீரை இழுக்கும். நாளடைவில் திசுவும் தடித்துப் போகும். இதய நோய்க்கோ ரத்தக் கொதிப்புக்கோ டாக்டர் எழுதியிருந்தால் அதை நிறுத்தக் கூடாது. நிணநீர் வீக்கத்துக்கென்று அதை எடுப்பதில் பலனில்லை, அதுவும் இன்னொருவர் டப்பாவிலிருந்து எடுப்பது! மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. நஞ்சைக் கழுவுவதைப் பொறுத்தவரை, அது ஈரலும் சிறுநீரகமும் பார்க்கும் வேலை. தாகத்துக்குக் குடித்தால் போதும். மசாஜ் முடிந்ததும் சிலருக்குச் சிறுநீர் முட்டும், அவ்வளவுதான்.

முகம் ஒல்லியாகும், தொப்பை கரையும், உடம்பு 'டீடாக்ஸ்' ஆகும் என்று அழகு நிலையங்கள் இதே பெயரில் விற்கும் சமாச்சாரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். குழாய் நன்றாக இருக்கும் ஆளுக்கு அதைத் தடவி ஓடவைக்க வேண்டிய தேவை இல்லை. காலை எழுந்ததும் கண்ணடியில் இருக்கும் உப்பல் சில மணி நேரம் வடியலாம். கொழுப்பு வடியாது. இதமாக இருக்கிறது என்று போகிறவர்கள் போகட்டும், நான் தடுக்கவில்லை. மருத்துவம் என்று விற்றால்தான் கேள்வி.

எண்ணெய் வேண்டாம், பவுடர் வேண்டாம், காலையில் கிரீமும் வேண்டாம் என்றதும் அத்தைக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டது. எண்ணெய் இல்லாமல் ஒரு மசாஜா? காரணம் மேலே சொன்ன ஓடும் இழையும்தான். கை தோலின்மேல் வழுக்கிப் போனால் இழை இழுபடாது. கை தோலோடு ஒட்டி, தோலையே சிறிது நகர்த்தி, பிறகு விட வேண்டும். எண்ணெய் அந்தப் பிடிப்பைக் கெடுத்துவிடும். அழுத்தமும் அதற்கேற்ற அளவுதான். வெந்துவிட்டதா என்று இட்லியை ஈரவிரலால் தொட்டுப் பார்ப்போமே, ஏறக்குறைய அந்த அழுத்தம். அதற்குமேல் போனால் அடியிலிருக்கும் மெல்லிய குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். பிசைந்து சூடேற்றினால் ரத்த ஓட்டம் கூடும், கசிவும் கூடும். ஏற்கெனவே வடிய வழியில்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் நீர். பார்லரில் நடந்தது அதுதான்.

உடைக்கு, முன்பக்கம் பட்டன் வைத்த தளர்ந்த ரவிக்கை. திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளக் கை அகலமான ஒரு நைட்டியும் மேலே போர்த்த ஒரு துப்பட்டாவும். ஏன் என்று அப்போது அவருக்குப் புரியவில்லை. மோதிரம், கைக்கடிகாரம், வளையல் வீட்டிலேயே. சங்கிலி? அங்கேதான் வழக்கு வந்தது. தாலியைக் கழற்ற அத்தை சம்மதிக்கவில்லை. கழுத்தடியில்தான் முதலில் கை வைப்பார்கள் என்று நான் சொன்னதும், "கைதானே வீங்கியிருக்கு, கழுத்துல என்ன வேலை?" என்றார். அதை நாளைக்கு அவர்களிடமே கேளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

உடையைவிட முக்கியம் பை. அறுவை சிகிச்சைச் சுருக்கம், எத்தனை முடிச்சு எடுத்தார்கள் என்ற அறிக்கை, கதிர்வீச்சு விவரம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள். இந்த மசாஜ் மென்மையானது என்பதாலேயே யாருக்கு வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடாது. தேங்கிய நீரை ரத்தத்துக்குள் திருப்பி விடுகிறோம். இதயம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தால் அது தாங்காது. சிரையில் புதிதாக உறைந்த ரத்தக் கட்டி இருந்தால் அது பெயரலாம். சிறுநீரகக் கோளாறு, மிகையாகச் சுரக்கும் தைராய்டு, கழுத்துத் தமனி அடைப்பு, கர்ப்பம் எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சிலவற்றுக்கு மசாஜே கூடாது. சிலவற்றுக்குக் கழுத்தையோ வயிற்றையோ விட்டுவிட்டுச் செய்வார்கள். சிகிச்சை முடியாத புற்றுநோய் இருந்தால், அந்த மருத்துவரின் அனுமதி இல்லாமல் தொடவே மாட்டார்கள்.

ராத்திரி படுக்கும்முன் கையை ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்தோம். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை மடிப்பு. கீறல், சிவப்பு, சூடு ஏதாவது உண்டா என்று. நெறி இல்லாத கையில் கிருமியைச் சோதிக்கும் காவல் சாவடியும் இல்லை. ஒரு கொசுக்கடிகூடத் தோலடி அழற்சியாகி ஒரே ராத்திரியில் கை முழுக்கச் சிவந்து குளிர்க்காய்ச்சல் வரலாம். அப்படி இருந்தால் மசாஜுக்குப் போகக் கூடாது. நேரம் குறித்தவர்களிடம் ஒரு போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அத்தைக்கு ஒன்றுமில்லை. கட்டைவிரலில் மட்டும் அரிவாள்மணைத் தழும்பு ஒன்று, பழையது.

காலை பத்து மணிக்குப் பிசியோதெரபிஸ்ட் பெண் அத்தையை மசாஜ் மேசையில் படுக்க வைக்கவே இல்லை. முதலில் உட்காரவைத்து ஒரு டேப்பை எடுத்தார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை சில சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைத்து, இரண்டு கையிலும் சுற்றளவு எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டுக்கும் 2 சென்டிமீட்டருக்குமேல் வித்தியாசம் இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டிய வீக்கம். அத்தைக்கு முழங்கைக்குக் கீழே மூன்றரை. பிறகு கட்டைவிரலால் முன்கையில் ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, மெல்ல நிரம்பியது. "குழி விழறது நல்லதும்மா. இன்னும் தடிக்கலைன்னு அர்த்தம்" என்றார். விரலடித் தோலையும் கிள்ளிப் பார்த்தார். கிள்ள வராத அளவுக்குத் தோல் தடித்திருந்தால் அது நிணநீர் வீக்கம்தான் என்பது 1976-இல் ஸ்டெம்மர் என்பவர் சொன்ன சோதனை. அவர் பார்த்தது கால் இரண்டாம் விரலில். முதல் நாளில் அரை மணி நேரம் இதற்கே போய்விட்டது. அதைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். இந்த எண்கள் இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்துக் குறைந்ததா இல்லையா என்பதை வளையலிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.

அப்புறம் படுக்கை. ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். வயிறு மேலெழும் மூச்சு நெஞ்சுக்குள் அழுத்தத்தை மாற்றி, பெரிய நிணநீர்க் குழாயை உறிஞ்சிவிடுகிறது. பிறகு காறை எலும்புக்கு மேலே இருக்கும் பள்ளத்தில் விரல்களை வைத்தார். தாலிச் சங்கிலியை அத்தையே ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். வழக்கு அதோடு தீர்ந்தது.

"ஏம்மா, வீக்கம் கையில இருக்கு. நீ இங்க என்ன பண்றே?"

"எங்கம்மா உங்க ஊரு?"

"மன்னார்குடி."

"வயல்ல தண்ணி தேங்கி நின்னா முதல்ல எங்க வெட்டுவாங்க?"

அத்தை கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "வடிகால் வாயை. அது அடைச்சிருந்தா வயல்ல நின்னு மண்வெட்டி போட்டு என்ன பிரயோஜனம்?"

பாசனத்துக்கு மேலிருந்து கீழே, வடிப்புக்குக் கீழிருந்து மேலே. டெல்டாவில் பிறந்தவருக்கு இதற்குமேல் பாடம் தேவைப்படவில்லை. கழுத்து, பிறகு இடது அக்குள், வலது தொடை இடுக்கு. இவை நன்றாக இருக்கும் முடிச்சுகள். வலது அக்குள் வழி இல்லாததால், மார்பின் குறுக்காகவும் விலாவின் ஓரமாகவும் நீரை அங்கே திருப்புகிறார்கள். அதற்குப் பிறகு தோள், மேல்கை, முன்கை. விரலைக் கடைசியாகத்தான் தொட்டார். அதுவரை முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அத்தை பாதியில் தூங்கிவிட்டார்.

இந்த வரிசையையும் மென்மையையும் வகுத்தவர் டாக்டர் இல்லை. எமில் வோடர் என்ற டேனிஷ்காரர், மனைவி எஸ்ட்ரிட்டோடு 1930களில் பிரான்ஸின் கான் நகரில் மசாஜ் செய்துகொண்டிருந்தார். அவரிடம் வந்தவர்களில் பலருக்குத் தீராத சளி, கழுத்தில் நெறி. அப்போது நெறியைத் தொடவே கூடாது என்பது மருத்துவ வழக்கு. வோடர் தொட்டார், மெல்ல வட்டமாக. 1936-இல் பாரிஸ் கண்காட்சி ஒன்றில் தன் முறையைக் காட்டினார். மருத்துவர்கள் திரும்பிப் பார்க்கப் பல வருடமானது. ஆனால் வீங்கிய காலைத் தூக்கிவைத்து, கட்டுப் போட்டு, தடவிக் குறைக்கலாம் என்று ஆஸ்திரிய அறுவை மருத்துவர் அலெக்ஸாண்டர் ஃபான் வினிவார்டர் 1892-லேயே எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்துத் தோல் பராமரிப்பும் உடற்பயிற்சியும் கூட்டி இன்றைய நான்கு கால் சிகிச்சையாக்கியவர், ஹங்கேரியில் பிறந்து ஜெர்மனியில் குடியேறிய மிஹாய் ஃபோல்டி.

அந்த நாலு காலில் எது பாரம் தாங்குகிறது என்று கேட்டால், மசாஜ் இல்லை என்பதுதான் பதில். மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கத்துக்கு இந்த மசாஜ் எவ்வளவு உதவுகிறது என்று காக்ரேன் அமைப்பு 2015-இல் அலசியது. கிடைத்தவை 6 ஆய்வுகள், மொத்தம் 208 பெண்கள். அழுத்தக் கட்டு மட்டுமே போட்டவர்களுக்கு அதிகப்படி வீக்கத்தில் 30 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. மசாஜையும் சேர்த்தபோது கூடுதலாகக் கிடைத்தது சுமார் 7 சதவீதம். பாதுகாப்பானது, கொஞ்சம் உதவுகிறது, வீக்கம் முற்றாதவர்களுக்கு அதிகம் உதவலாம். அவ்வளவுதான் சாட்சி. ஒரு மணி நேரம் மேசையில் படுத்துச் சுகமாகத் தூங்கிவிட்டு, கட்டு வேண்டாம் என்று வீட்டுக்கு வருபவர் சிகிச்சையின் பெரும்பங்கைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வருகிறார்.

அத்தை அதைத்தான் செய்யப் பார்த்தார். எழுந்ததும் கையைத் தூக்கிப் பார்த்தார், லேசாக இருக்கிறது என்றார், செருப்பைத் தேடினார். அந்தப் பெண் விடவில்லை. விரல் ஒவ்வொன்றுக்கும் சிறு துணிச்சுருள், உள்ளங்கைக்குப் பஞ்சு, அதன்மேல் அடுக்கடுக்காகக் கட்டு, மணிக்கட்டில் இறுக்கம் கூடுதல், தோளுக்குப் போகப் போகத் தளர்வு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் இதற்கு உதவாது. அது ரப்பர்போல நீளும். கை சும்மா கிடக்கும்போதும் இறுக்கும், தசை புடைக்கும்போது விட்டுக்கொடுத்துவிடும். இந்தக் கட்டு அதிகம் நீளாத துணி. சும்மா இருக்கும்போது உறுத்தாது. தசை புடைத்தால் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நிற்கும். தசைக்கும் கட்டுக்கும் நடுவில் மாட்டிய குழாய் பிழியப்படும். அதாவது கட்டுப் போட்ட கை சும்மா கிடந்தால் பாதி பலன்தான், வேலை செய்ய வேண்டும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ வலித்தாலோ உடனே அவிழ்த்துவிடச் சொன்னார். மறுநாள் அதே நேரம் வரச் சொன்னார். இரண்டு மூன்று வாரம் இப்படித் தினமும், அப்புறம் அளவெடுத்துத் தைத்த அழுத்த உறை.

நைட்டியின் அகலக் கை எதற்கு என்று அப்போதுதான் அத்தைக்கு விளங்கியது. ரவிக்கையில் அந்தக் கை நுழையாது. ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளவும் முடியாது, ஆட்டோவில் வந்தோம். மத்தியானம் வாழ்நாளில் முதல்முறையாக ஸ்பூனால் சாம்பார் சாதம் சாப்பிட்டு, அதில் ருசியே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

சாயங்காலம் பூக்காரம்மா வந்தபோது உதிரி மல்லி கால் கிலோ வாங்கினார். கட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகளால் நாரை முறுக்கி, இரண்டு இரண்டு பூவாக வைத்துக் கட்டினார். மடக்கு, நீட்டு, இழு. கொடுத்த பயிற்சித் தாளில் இருந்தது ஏறக்குறைய இதேதான், பூ மட்டும் இல்லை. கட்டி முடித்ததும் பழக்கத்தில் வலது கையை நீட்டி முழம் போடப் போனவர், பஞ்சும் துணியுமாகத் தடித்திருந்த முழங்கையைப் பார்த்து நிறுத்தி, இடது கையால் அளந்தார்.

"இந்தக் கையால அளந்தா எனக்கே நஷ்டம்" என்றார்.

ஒன்பது முழம் வந்தது.